எடைக்கு வாங்கிய கேபினெட்

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கம்ப்யூட்டர் கேபினெட் எடைக்குத்தான் போகும். கடைக்காரருக்கு அது வெறும் தகரம். நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் முதுகை. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஒயர்கள் எல்லாம் சேர்ந்து வெளியே வர ஒரே நீள்சதுரத் திறப்பு இருந்தால் உடனே பேரத்தை ஆரம்பித்துவிடுவேன். கீபோர்டுக்கென்று தனியாக ஒரு வட்டத் துளை மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்த நீள்சதுரம்தான் ஏடிஎக்ஸ் பெட்டிக்கு அடையாளம். 1995இல் இன்டெல் வகுத்த அளவு அது: மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், திருகு இறங்கும் துளைகள் இன்னின்ன இடத்தில். அதற்குப் பிறகு ப்ராசஸர் மாறியது, மெமரி மாறியது, ஸ்லாட் மாறியது. துளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் பென்டியம் காலத்துப் பெட்டியில் இந்த வருஷம் வாங்கிய போர்டு அப்படியே உட்காருகிறது. வெளியே பார்த்தால் தாலுகா ஆபீஸ் மெஷின். உள்ளே வீடியோ கேம் பறக்கும். இப்படிப்பட்டதை ‘ஸ்லீப்பர்’ என்பார்கள். நான் பார்ப்பது சர்வீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் இது.

பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளித்திருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். அது தேய்த்தால் போகாது. தீப்பிடிக்காமலிருக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்களைக் கலந்தார்கள். வெளிச்சமும் சூடும் பட்டுப்பட்டுப் பிளாஸ்டிக்கின் மேல்தோலே நிறம் மாறிவிடுகிறது. பியூட்டி பார்லரில் முடிக்குப் போடும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தால் வெளுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தாளுக்கடியில் காற்றுக்குமிழ் நின்றால் அங்கே திட்டுத்திட்டாகத் தெரியும். சில வருஷத்தில் மஞ்சள் திரும்பவும் எட்டிப்பார்க்கும் என்பதால், லேசான மஞ்சளை நான் சீண்டுவதில்லை. வயசு தெரிந்தால் என்ன?

துருவுக்கு உப்புத்தாள், பிறகு பவுடர் கோட்டிங். “கோட்டிங் காசுக்குப் புதுசே வாங்கிரலாமுங்களே” என்பார் பட்டறைக்காரர். வாங்கலாம்தான், ஆனால் மலிவு விலைப் புதுப் பெட்டியின் தகரம் கட்டைவிரல் அழுத்தினால் வளைகிறது. ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்வேன்: மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் இறங்கும் இடத்தில் பவுடர் ஏறக்கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் தொடர்பு அறுந்துவிடும்.

உண்மையான வேலை காற்றுக்கு வழி விடுவதில்தான். 1990களின் பென்டியம் பதினைந்து வாட் அளவில் வேலையை முடித்துக்கொண்டது. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றே முந்நூறு வாட் இழுக்கும். பழைய பெட்டியிலோ முன்னால் நாலு கீற்று, பின்னால் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. அதே கார்டை அப்படியே உள்ளே வைப்பது அடுப்பை மூடி வைப்பதுபோல. முகப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள தகரத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு வட்டம் வெட்டுவேன். முகப்பை மாட்டியதும் வெட்டியதே தெரியாது. ஃபேனின் பரப்பு பழையதைவிட இரண்டேகால் மடங்கு. கீற்று போதாவிட்டால் பெட்டியின் அடியிலும் ஒரு வட்டம், கூடவே உயரமான ரப்பர் கால்கள். கார்டு நீளமாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கும். ரிவெட் தலையை 3.2 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்தால் கூண்டு கையோடு வந்துவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை மாட்டினால் விரலும் தப்பும், ஒயரும் தப்பும். இரும்புத் தூள் ஒரு துணுக்கு தங்கினாலும் போர்டு போய்விடும். காந்தத்தைப் பாலிதீன் உறைக்குள் போட்டு மூலைமூலையாக இழுத்து, உறையைத் திருப்பி உதறினால் தூள் மொத்தமும் விழுந்துவிடும்.

பழைய பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். ஒயரை உருவிய பிறகும் அதன் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

எல்லாப் பெட்டியையும் வெட்டலாமா? பெயரில்லாத அசெம்பிள்டு பெட்டி என்றால் தாராளமாக. ஐபிஎம், காம்பாக் பெயர்ப்பலகையோடு முழுசாகக் கிடைத்தால் துடைத்து, துரு நீக்கி, அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை. பக்கவாட்டில் கண்ணாடி பொருத்தி உள்ளே கலர் விளக்கு போடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. அது வேறு ஜாதிப் பொழுதுபோக்கு.

வட்டத் துளை உள்ள 486 காலத்துப் பெட்டிக்கு வேலை இரட்டிப்பு. முதுகை வெட்ட வேண்டும், குமிழ்களுக்குப் புதுத் துளை போட வேண்டும். அதன் முன்பக்க சுவிட்சுக்கு 230 வோல்ட்டே நேராக வந்தது. அந்த ஒயரை அடியோடு எடுத்துவிட்டு, அழுத்தும்போது மட்டும் தொடர்பு தரும் சின்ன சுவிட்சை வைக்க வேண்டும். இத்தனையும் எதற்கென்றால், முகப்பில் ‘66’ என்று வேகம் காட்டிய அந்த எண் விளக்குக்காக. அது எதையும் அளந்ததில்லை. பின்னாலிருக்கும் ஜம்பரை மாற்றி மாற்றிச் சொருகினால் எந்த எண்ணையும் காட்டும். எங்கள் வீட்டுப் பெட்டியில் இப்போது என் மகளின் ரோல் நம்பர் எரிகிறது.