கிழட்டுப் பூனையின் குணம் மாறினால் என்ன செய்வது?

நெல் வைத்திருக்கும் வீட்டில் பூனையும் ஒரு வேலையாள்தான். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என எந்தப் போகத்தில் அறுத்தாலும், மூட்டை வீட்டுக்குள் வந்த மறுநாளே எலியும் வந்துவிடும். நகரத்துத் தறி வீடுகளில் அரிசிக் கஞ்சி போட்ட பட்டுப் பாவுக்கும் எலியால் ஆபத்து உண்டு. ஆகவே உழவரும் நெசவாளரும் பூனையை விரும்பி வளர்க்கின்றனர்.

அந்தப் பூனைக்கு வயதாகும்போது தொல்லை தொடங்குகிறது. பத்து ஆண்டு ஒழுங்காக இருந்த பூனை நெல் மூட்டை மேல் சிறுநீர் கழிக்கிறது. நள்ளிரவில் காரணமின்றிக் கத்துகிறது. குழந்தை தொட்டால் சீறுகிறது. "இனி வீட்டுக்கு ஆகாது" என்று சாக்கில் கட்டிப் பாலாற்றுக்கு அப்பால் விட்டு வருபவர் உண்டு. யாராவது சோறு போடுவார்கள் என்று கோயில் மதிலோரம் விடுபவரும் உண்டு. இது தவறு. குணம் மாறுவது பெரும்பாலும் உடல்நோயின் அடையாளமே. இவற்றில் பலவற்றை அதிகச் செலவின்றி அடக்கி வைக்கலாம்.

முதலில் வெறிநோயா என்று பாருங்கள்

முதுமையால் வரும் மாற்றம் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். சாதுவான பூனை ஓரிரு நாளில் திடீரென்று பாய்ந்து கடித்தாலும், எச்சில் ஒழுகினாலும், விழுங்க முடியாமல் திணறினாலும், தள்ளாடினாலும் வெறிநோய் என்றே சந்தேகிக்க வேண்டும். பூனையைக் கையால் தொடக்கூடாது. அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்த இடத்தையும் கீறிய இடத்தையும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திருக்கக்கூடாது. பூனைக்கு 3 மாத வயது முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடி போட்டுவந்தால் இந்த அச்சம் இல்லை.

மாற்றமும் காரணமும்

நன்கு பராமரித்த பூனை 12 முதல் 15 ஆண்டு வரை வாழும். 20 ஆண்டை எட்டுவதும் உண்டு. 10 வயதுப் பூனை ஏறக்குறைய 56 வயது மனிதருக்கும், 15 வயதுப் பூனை 76 வயது மனிதருக்கும் சமம்.

எலி பிடிக்காமல் படுத்தே கிடப்பது சோம்பல் அல்ல. மூட்டு வலியாக இருக்கலாம். 12 வயது கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பரண் மேல் தாவாதது, முதுகைத் தடவினால் சீறுவது, ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யாதது ஆகியவை இதன் அறிகுறிகள்.

தண்ணீரை அடிக்கடி குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, உடல் மெலிந்தால் சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். மூட்டையை நனைக்கும் பூனை பல சமயம் அடக்க முடியாமல்தான் அப்படிச் செய்கிறது.

நன்றாகத் தின்றும் மெலிந்து, ஓயாமல் அலைந்து, இரவில் கத்தினால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனைகளில் இந்நோய் 1979-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. தினசரி மாத்திரையால் இதைக் கட்டுப்படுத்தலாம்.

கூப்பிட்டால் திரும்பாத பூனைக்குக் காது மந்தமாகியிருக்கலாம். இத்தகைய பூனை உரக்கக் கத்தும். தறிக் குழியில் படுத்துறங்கும் பூனையாக இருந்தால், மிதியில் கால் வைக்குமுன் குழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று சுவரில் முட்டினால் இரத்த அழுத்தத்தால் பார்வை போயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோய் எதுவும் இல்லாமலே மூலையில் வழி தெரியாமல் நின்று கத்துவது மூளைத் தளர்ச்சி. வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் மறதி போன்றதே இது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பழைய அகலத் தட்டில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, பூனை படுக்கும் இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும். விளிம்பு தாழ்வாக இருந்தால்தான் வலியுள்ள பூனை ஏறி இறங்கும். மணலைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்யவேண்டும். மடித்த சாக்கைக் காற்று வீசாத மூலையில் படுக்கையாகப் போடலாம். இரவில் சிறு விளக்கு எரிந்தால் கத்தல் குறையும். தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கட்டும். சோற்றுத் தட்டையும் படுக்கையையும் அடிக்கடி இடம் மாற்றக்கூடாது.

தயிர்ச்சோறு மட்டும் போதாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். முள் நீக்கிய மத்தி மீனையோ முட்டையையோ உப்பின்றி வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பல பூனைகளுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும்.

மாதம் ஒருமுறை நெல் நிறுக்கும் தராசில் கூடையோடு வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மருத்துவருக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எதுவும் தின்னாத பூனையை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, ஈரல் கெட்டுவிடும்.

கூடாதவை

வலிக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரைப் போக்கிவிடும். சிறுநீர் நாற்றத்துக்குப் பினாயில் தெளித்தால் அதைக் காலால் மிதித்து நக்கிப் பூனை நோயுறும். சோப்புத் தண்ணீரே போதும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு இரத்தச் சோகையை உண்டாக்கும்.

எலிக்கு வேறு வழி

கிழட்டுப் பூனை எலி பிடிக்கவில்லை என்று எலி விஷம் வைப்பது பெருந்தவறு. புரோமோடயலோன் வில்லையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத எலியைத்தான் கிழட்டுப் பூனை பிடிக்கும். விஷமும் அதன் வயிற்றுக்குள் போகும். மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, கூண்டுப் பொறி வைக்கலாம். குட்டி ஒன்று வளர்ப்பதானால், முதல் சில நாள் தனி அறையில் வைத்துப் பழக்க வேண்டும். தட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும் ஆகும். பிழைக்க வழியில்லாமல் வேதனைப்படும் பூனையை வலியின்றி உறங்கச் செய்யவும் கால்நடை மருத்துவரால் முடியும்.

தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக் காப்பதுபோல இறைவன் அடியாரைக் காக்கிறான் என்பது தென்கலை வைணவர் கொள்கை. காஞ்சியில் கேட்டுப் பழகிய உவமை இது. கவ்வ வலுவில்லாத காலத்தில் பூனையைத் தூக்கிச் செல்வது நம் முறை. மூடியுள்ள மூங்கில் கூடையில் வைத்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கூடுதல் பரிசோதனை வேண்டுமென்றால், 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டலாம்.