பத்து ரூபாய்ப் பங்குதாரர்கள்

சமூகப் பணியையே வாழ்க்கைத் தொழிலாக ஏற்க விரும்பும் இளைஞர்கள் இன்று பலர் உள்ளனர். ஈகை மனம் மட்டும் இப்பணிக்குப் போதுமா? குஜராத் மாநிலத்தின் இலா பட் அம்மையாருடைய வாழ்க்கை இதற்குத் தெளிவான விடை தருகிறது.

1933-இல் அகமதாபாத்தில் பிறந்து சட்டம் பயின்ற அவர், 1955-இல் அந்நகரின் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் பணியில் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளருக்குச் சங்கமும் சட்டமும் துணை நின்றன. தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், காய்கறி விற்போர் ஆகிய பெண்களுக்கோ எதுவும் இல்லை. அவர்களுக்காக 1972-இல் ‘சேவா’ என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தை நிறுவினார். முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தயங்கினர். சங்கம் என்பது எவரையும் எதிர்ப்பதற்காக அன்று, உழைப்போர் ஒன்றுபடுவதற்காகவே என்று வாதிட்டுப் பதிவு பெற்றார்.

அப்பெண்களின் வறுமைக்கு உழைப்பின்மை காரணமன்று. காலையில் வட்டிக்காரரிடம் கடன் பெற்றுச் சரக்கு வாங்கி, மாலையில் வட்டியுடன் திருப்பிக் கொடுத்தனர். நாள் முழுதும் உழைத்த பயன் வட்டியில் கரைந்தது. வங்கிகளை அணுகியபோதும் இடர்ப்பாடுகள் எழுந்தன. எழுத்தறிவில்லாமல், கைக்குழந்தையுடன், சில்லறைக் காசோடு வரும் வாடிக்கையாளரை அக்கால வங்கி அலுவலர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

எனவே, 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தித் தமக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்கினர். பொறுப்பேற்கும் பெண்களுக்குக் கையெழுத்திடத் தெரியாதது பதிவுக்குத் தடையாயிற்று. அவர்கள் ஓரிரவு முழுதும் அமர்ந்து தம் பெயரை எழுதப் பழகினர். கையெழுத்திட இயலாத வாடிக்கையாளர்களை அடையாளம் காணப் புகைப்படம் பயன்பட்டது. சேமிப்பு அவரவர் பெயரிலேயே இருந்தது. உதவி பெறுவோராகக் கருதப்பட்டவர்கள் ஒரு வங்கியின் உரிமையாளர்கள் ஆயினர்.

இப்பணியில் சட்ட அறிவும் கணக்கறிவும் இரக்கத்துக்கு இணையான இடம் பெற்றன. இன்று அவற்றை முறையாகக் கற்க, ஆனந்த் நகரின் ஊரக மேலாண்மைக் கழகம், மும்பையின் டாடா சமூக அறிவியல் கழகம் முதலிய நிறுவனங்கள் உள்ளன. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அத்தொகையை உரிய வகையில் பயன்படுத்தத் திட்டமிடுவோர், கணக்காளர், களப்பணியாளர் எனப் பலர் தேவைப்படுகின்றனர். ஊதியத்துடன் கூடிய பணிகள் இவை.

ஓர் அமைப்பில் பணியில் சேருமுன்னோ, அதற்கு நன்கொடை வழங்குமுன்னோ, அதன் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பாருங்கள். அதனோடு, அவ்வமைப்பால் பயன்பெறுவோருள் எத்தனை பேர் அதன் நிருவாகக் குழுவில் இடம்பெற்றுள்ளனர் என்றும் கேளுங்கள்.