கண் ஆபரேஷனுக்குப் பிறகு வலித்தால் காத்திருக்காதீர்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை போய்விட்டது, மனு எழுதித் தாருங்கள் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். வலி ஆரம்பித்த பிறகு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? அங்கே கொடுத்த சீட்டெல்லாம் எங்கே? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தானே செய்யும்னு இருந்துட்டோம். அடுத்த வாரம் செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தாங்க, அப்ப போய்க்கலாம்னு விட்டுட்டோம்." இரண்டாவது கேள்விக்குப் பதிலே இருக்காது. முதல் தவறு கண்ணைக் கெடுக்கிறது, இரண்டாவது தவறு வழக்கைக் கெடுக்கிறது.

இதில் குற்றம் நோயாளியுடையது மட்டும் அல்ல. எது சகஜம், எது ஆபத்து என்று சொல்லி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைப் பல இடங்களில் ஒதுக்குவதே இல்லை.

எது சகஜம்?

புரை ஆபரேஷன் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடக்கிறது. நினைவு இருக்கும். முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போர்த்தி, கண் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து வைப்பார்கள். பளிச்சென்ற வெளிச்சமும் நிறங்களும் அசையும் நிழல்களும் தெரியலாம், தண்ணீர் வழிவதும் தெரியும். டாக்டர் பேசுவதும் காதில் விழும். "பார்வை தெரிகிறதே, மருந்து ஏறவில்லையோ" என்று பயந்து சிலர் தலையை அசைத்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் இப்படித் தெரிவதுண்டு. இருமல் வந்தாலோ வலித்தாலோ வாயால் சொல்லுங்கள். கையை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கட்டுப் பிரித்ததும் வெள்ளை வேட்டிகூட லேசான நீலமாகத் தெரியலாம். பழுத்துப்போன பழைய லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்தது, இப்போது அது இல்லை, அவ்வளவுதான். நாளடைவில் பழகிவிடும். லேசான உறுத்தலும் நீர் வடிதலும் சில நாள் இருக்கும்.

எது ஆபத்து?

நாளுக்கு நாள் கூடும் வலி, தெளிந்து வந்த பார்வை மறுபடி மங்குவது, கண் சிவந்து இமை வீங்குவது, பீளை தள்ளுவது. இவற்றில் எது வந்தாலும் கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும். கண்ணுக்குள்ளேயே மருந்தை ஊசியால் செலுத்தித்தான் அதை அடக்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தாலும் பார்வை போய்விடலாம். 2008இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து இலவச முகாம் வழியாக அழைத்துப் போய் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 66 பேர் பார்வை இழந்ததை மறக்க வேண்டாம்.

மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல மறைந்தாலோ, அது விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

"அடுத்த முகாம் புதன்கிழமைதான், அப்போது வாருங்கள்" என்று போனில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு இரவானாலும் போங்கள். அது தூரமென்றால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு பொழுதைப் போக்காதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இரண்டையும் சொல்லுங்கள். பலர் சொல்லாமல் விடுவது சிறுநீர் அடைப்புக்காகச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை. ஆபரேஷனின்போது கண்பாப்பா சுருங்கிச் சிக்கல் வர அது காரணமாகலாம். நிறுத்தி நாளாகிவிட்டாலும் சொல்லுங்கள்.

எந்த லென்ஸ், என்ன விலை, படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்குமா என்று கேட்டுவிட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். "கண்ணாடியே வேண்டாம் என்றார்களே" என்று பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

பத்திரப்படுத்த வேண்டியவை

சம்மதப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில், சொட்டு மருந்துச் சீட்டு. இவற்றைவிட முக்கியம் லென்ஸ் ஸ்டிக்கர். லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட சின்ன ஒட்டுச்சீட்டு அது. உங்கள் சிகிச்சைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.

முழு மருத்துவக் குறிப்பும் வேண்டுமென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனுவை வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எங்கே போவது?

கிருமித்தொற்று நல்ல ஆஸ்பத்திரியிலும் வரலாம். வந்ததாலேயே அலட்சியம் என்று ஆகிவிடாது. சுத்தத்தில் குறை இருந்ததா, அறிகுறி சொன்னபோது கவனித்தார்களா என்பதே கேள்வி. ஆகவே வேறொரு கண் டாக்டரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. முகாமில் இலவசமாகச் செய்துகொண்டவர்கள் "காசு கொடுக்கவில்லையே, எப்படிக் கேட்பது" என்று ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டாம். மற்ற நோயாளிகளிடம் கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது.

டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் சுத்தம், உரிமம் பற்றிய புகார் மாவட்டத்தில் உள்ள நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு. அங்கே "விசாரிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினால் மனு எண் வாங்காமல் நகராதீர்கள்.

எல்லோருக்கும் இலவசமான அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீனிடமோ முதலில் எழுத்தில் கொடுங்கள். பிறகு ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள் போக வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள்.

இழப்பீடு வாங்கித் தர இத்தனை அலுவலகங்கள் இருக்கின்றன. போன பார்வையைத் திருப்பித் தர ஒன்றுகூட இல்லை. ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: ஆபரேஷன் ஆன கண்ணில் வலி கூடினால், பார்வை மங்கினால், செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள்.