மின்சைக்கிளில் ஒரு காலைப்பொழுது
தினமும் கடந்து போகும் ஜொகூர் பாருவை ஒரு நாளாவது நின்று பார்த்தோமா?

நீங்கள் ஜொகூர் பாருவுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். கடப்பிதழ் செய்யப் போயிருப்பீர்கள். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் இரண்டு முறை போகிறீர்கள். ஆனால் அந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?

என் தம்பி பதினெட்டு ஆண்டுகளாக அந்த ஊர் வழியாகத்தான் போய் வருகிறான். விடியற்காலை நான்கு மணிக்கு மாசாயில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால், ஆறு மணிக்குள் பாலத்தைக் கடந்தாக வேண்டும். இருட்டில் போவான், இருட்டில் வருவான். ஜொகூர் பாரு என்றால் அவனுக்கு நெரிசலும் புகையும் சிவப்பு விளக்குகளும்தான்.

சென்ற மாதம் அவன் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். "உங்கள் ஊரின் வரலாற்றை எழுதி வாருங்கள்" என்றாராம் ஆசிரியை.

"அப்பா, நம்ம ஊரு எது?" என்று கேட்டாள்.

"கூலாய் பக்கம் தோட்டம்மா. இப்ப அது இல்லை" என்றான் தம்பி.

உண்மைதான். நாங்கள் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி. பால்மரமும் இல்லை, ஸ்டோரும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டாள். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. ஜொகூர் பாருவின் பழைய பகுதியை மின்சைக்கிளில் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவன் மகள், நான் ஆகிய மூவரும் புறப்பட்டோம். எழுபத்திரண்டு வயதான எங்கள் அம்மாவும் "என்னைக் கோயில்லே விட்டுட்டுப் போங்க" என்று கூடவே வந்துவிட்டார்.

பின்னாலிருந்து ஒரு கை

தோட்டத்தில் சைக்கிளின் அருமை தெரியாதவர் யார்? கிராணியார் சைக்கிளில் வருவார். ரொட்டிக்காரர் சைக்கிளில் வருவார். எங்கள் அப்பாவின் ராலி சைக்கிளில் முன்கம்பியில் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் தம்பி என்று நால்வரும் படம் பார்க்கப் போயிருக்கிறோம். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம்.

மின்சைக்கிளில் அந்தத் தள்ளும் வேலை இல்லை. சட்டத்தில் ஒரு மின்கலம் இருக்கிறது. சக்கரத்தின் நடுவிலோ மிதிகட்டைக்கு அருகிலோ சிறு மோட்டார் ஒன்று இருக்கிறது. நாம் மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பல நாடுகளில் மோட்டாரின் சக்தி 250 வாட் என்றும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அது உதவக் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறார்கள். காண்டா தூக்கி மேடேறும்போது பின்னாலிருந்து யாரோ ஒரு கை கொடுத்ததைப்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி மோட்டார் சைக்கிள் என்ற நினைப்பில் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தான். வண்டி அசையவில்லை. பிறகு கோபமாக ஓங்கி மிதித்தான். வண்டி பாய்ந்து கால்வாய் ஓரம் போய் நின்றது. "மெதுவா மிதிங்கண்ணே, அது உங்க காலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு" என்று சிரித்தார் வழிகாட்டித் தம்பி. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக, ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். ஞாயிறு காலையில் கார்கள் குறைவு.

ரயில் வந்தது, பாலம் வந்தது

முதலில் நின்ற இடம் பழைய ரயில் நிலையம். 2010-இல் ஜேபி சென்ட்ரல் திறந்த பிறகு பழைய நிலையத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தம்பி தினமும் கடந்து போகும் இடத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. "இது இன்னும் இருக்கா?" என்று வியந்தான்.

ஜொகூரின் ரயில் பாதை கிம்மாசிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது 1909-இல். அப்போது பாலம் கிடையாது. பயணிகள் இறங்கிப் படகேறிச் சிங்கப்பூருக்குப் போனார்கள். சரக்குப் பெட்டிகளை மிதவையில் ஏற்றிக் கடத்தினார்கள். ரப்பர் பெருகப் பெருக அந்த மிதவைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் பாலம் போட்டார்கள். புலாவ் ஊபின் தீவிலிருந்து கல் வந்தது. 1923-இல் அதன்மேல் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28-ஆம் நாள் முறைப்படி திறந்து வைத்தார்கள்.

இதைக் கேட்டுத் தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நம்ம தோட்டத்துப் பால்தான் இந்தப் பாலத்தைக் கொண்டு வந்திருக்கு" என்றான். அது முழுக் கதை இல்லாவிட்டாலும் பாதிக் கதைக்குக் குறையாது. வெட்டிய மரத்தின் பால் துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ரயிலையும் பாலத்தையும் அவசரப்படுத்தியது.

தெருப் பெயர்கள் பேசுகின்றன

அடுத்து பழைய கடைத்தெருக்களுக்குள் நுழைந்தோம். காரில் போனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் தெருக்கள் இவை. சைக்கிளில் போனால் பெயர்ப்பலகையைப் படிக்க முடிகிறது.

ஜாலான் டோபி. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்களால் வந்த பெயர். அவர்கள் துவைத்துப் பெட்டி போட்ட துணிகளை உடுத்தியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. துவைத்தவர்களுக்கு ஒரு தெருவின் பெயராவது மிஞ்சியிருக்கிறதே என்று ஆறுதலடைந்தேன். இந்தத் தெருவில் 1937-இல் தொடங்கிய சலாஹுதீன் ரொட்டிக் கடையின் கறிப்பாப் வாங்கிக்கொண்டோம்.

அதை அடுத்து ஜாலான் தான் ஹியோக் நீ. ரப்பருக்கு முன்னால் இந்த மாநிலத்தில் காம்பியரும் மிளகும்தான் பயிர். ஆற்றங்கரைக் காடுகளை வெட்டிப் பயிர் செய்யச் சீனத் தலைவர்களுக்கு அரசர் உரிமை கொடுத்தார். அந்தத் தலைவருக்குக் கங்சூ என்று பெயர். நமக்குக் கங்காணி போல அவர்களுக்குக் கங்சூ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கங்சூவின் கையில் ஆறே இருந்தது. அவர்களில் பெரிய தலைவர் தான் ஹியோக் நீ. 1917-இல் அந்த முறை ஒழிந்தது. அந்தத் தெருவில் 1919-லிருந்து நடக்கும் ஹியாப் ஜூ அடுமனையில் இன்றும் விறகடுப்பில்தான் வாழைப்பழக் கேக் வேகிறது. வாசம் எங்களை வழிமறித்தது. வரிசையில் நின்று வாங்கினோம்.

ஜாலான் துருஸில் பழைய சீனக் கோயிலைக் கண்டோம். தியோச்சூ, ஹொக்கியன், காந்தோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் ஆகிய ஐந்து பிரிவினரும் ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள். "ஒரே தோட்டத்துலே மூணு கோயில் கட்டி மூணு தேர் இழுத்தோமே நாம" என்று தம்பி மெல்லச் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

மேட்டின்மேல் நின்று

புக்கிட் திம்பாலான் மேட்டில்தான் மின்சைக்கிளின் சக்தி தெரிந்தது. மூச்சு வாங்காமல் மேலே போய்விட்டோம். உச்சியில் சுல்தான் இப்ராகிம் கட்டடம், 1940-இல் கட்டி முடிக்கப்பட்டது. நெடுங்காலம் மாநில அரசின் தலைமையிடமாக இருந்தது. அதன் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும்.

அங்கே நின்று வழிகாட்டி கேட்டார்: "இந்த ஊருக்குச் சைக்கிள்லே வந்தவங்கள்லே பேர் போனவங்க யார் தெரியுமா?" எங்களுக்குத் தெரியவில்லை. "ஜப்பான்காரன்" என்றார்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 55 நாளில் ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தது. வீரர்களில் பல ஆயிரம் பேர் சைக்கிளில் வந்தார்கள். வழியில் மக்களின் சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எண்ணி மிரண்டவர்கள் உண்டு. 1942 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷார் பின்வாங்கியபோது பாலத்தை வெடி வைத்துச் சுமார் 70 அடிக்குத் தகர்த்துவிட்டுப் போனார்கள். ஜப்பானியத் தளபதி யமாஷிட்டா புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் அமர்ந்து சிங்கப்பூரைப் பார்த்துப் போரை நடத்தினார். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோன ஆயிரமாயிரம் பேர் திரும்பி வரவில்லை என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தெரிந்த கதை.

பிள்ளை நோட்டை எடுத்து எழுதத் தொடங்கியது இங்கேதான்.

மேட்டிலிருந்து இறங்கிக் கடலோரம் போனோம். 1855-இல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் ஊரை நிறுவியபோது இதன் பெயர் தஞ்சோங் புத்திரி. அவர் மகன் அபு பக்கார் 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். அதே ஆண்டு கட்டி முடித்த இஸ்தானா பெசாரை வெளியிலிருந்து பார்த்தோம். சற்றுத் தள்ளி, 1892-இல் தொடங்கி 1900-இல் முடித்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல். அதன் கோபுரங்கள் ஆங்கிலேயர் நாட்டு மணிக்கூண்டுகளைப்போல் இருக்கின்றன. எதிரே நீர், அக்கரையில் சிங்கப்பூர். தம்பி முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் அக்கரையை நின்று பார்த்தான்.

அம்மா சொன்னது

சுற்று முடிந்து ஜாலான் உங்கு புவானில் உள்ள அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்துக்குத் திரும்பினோம். 1911-இல் எழுந்த கோயில். சுல்தான் இப்ராகிமுக்கு நன்றி சொல்லும் வகையில்தான் அம்மன் பெயரோடு 'ராஜ' என்பதும் சேர்ந்தது என்பது கோயில் வரலாறு. தெப்ராவ் சாலைப் பக்கம், 1922-இல் குடிசையாகத் தொடங்கி இன்று சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளால் மின்னும் ராஜகாளியம்மன் கோயிலையும் நேரமிருந்தால் பாருங்கள். எங்களுக்கு அன்று நேரமில்லை.

அம்மா மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்த்த இடங்களை எல்லாம் பேத்தி ஒப்பித்தாள். ரயில் நிலையம் என்றதும் அம்மா நிமிர்ந்தார்.

"உங்க தாத்தா அந்தக் கம்பிச் சடக்குலேதானே வேலை செஞ்சாரு" என்றார்.

"யாரு?" என்றான் தம்பி.

"எங்கப்பாதான். கட்டை மாத்துற வேலை. ஜொகூர் பாருவிலேர்ந்து கூலாய் வரைக்கும் நடந்தே போவாங்களாம். கை நசுங்கின பிறகுதான் தோட்டத்துக்கு வந்தாரு. திருவிழாவுக்கு லாரியிலே எங்களை இந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டு வந்தா, முதல்லே அந்த டேசனைத்தான் காட்டுவாரு."

"இதை ஏம்மா இத்தனை வருஷமாச் சொல்லலே?"

"நீங்க கேக்கலையேப்பா" என்றார் அம்மா.

அவர் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நாங்கள் இருவரும் தலை குனிந்தோம். பதினெட்டு ஆண்டுகளாகத் தன் தாத்தா உழைத்த இடத்தின் ஓரமாகவே தம்பி வண்டி ஓட்டிப் போயிருக்கிறான். அன்று பிற்பகல் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பழைய நிலையத்துக்கு மீண்டும் போனான். பேத்தி கேட்கக் கேட்க அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நோட்டில் ஆறு பக்கம் நிறைந்தது.

நீங்களும் போகலாம்

மின்சைக்கிள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இந்தத் தெருக்களைக் காலாற நடந்தே பார்த்துவிடலாம். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். சைக்கிள் என்றால் தலைக்கவசம் வேண்டும். சேலை, கைலி, நீளமான துப்பட்டா சக்கரத்தில் சிக்கும். அதற்கேற்ற உடை அணியுங்கள். தூரம் போவதாக இருந்தால் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ந்துவிட்டால் இருபது கிலோவுக்கும் மேலான வண்டியை நீங்கள்தான் மிதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில்தான் நம் வரலாறு இன்னும் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒரு பழைய தெருவும், நிதானமான ஒரு காலைப்பொழுதும், "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?" என்ற ஒரு கேள்வியும் போதும்.

மறுநாள் திங்கட்கிழமை. தம்பி வழக்கம்போல் இருட்டிலேயே எழுந்தான். ஆனால் அன்று பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டானாம். நிலையத்தருகே வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பாலம் ஏறினேன் என்று இரவில் என்னிடம் சொன்னான்.