மருத்துவமனைக் காற்றில் ஒரு பூஞ்சை

இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று அறுவை 1971-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது. அன்று அரிதாயிருந்த இம்மருத்துவம் இன்று தமிழகத்தின் பல நகரங்களில் கிடைக்கிறது. ஆனால், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு அறுவையோடு கவலை தீர்ந்துவிடுவதில்லை. பிறருடைய உறுப்பை அயற்பொருள் எனக் கண்டு உடல் தாக்க முற்படும். இத்தாக்குதலை அடக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை அவர் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். காவலர் அயர்ந்த வீட்டில் திருடன் நுழைவது எளிதல்லவா? அவ்வாறு நுழையும் நுண்ணுயிர்களுள் ஒன்றே நியூமோசிஸ்டிஸ் யிரோவெட்சி. இது நுரையீரலின் காற்றறைகளில் பெருகி நிமோனியாவை உண்டாக்குகிறது.

பூஞ்சை என அறிந்த வரலாறு

1909-இல் பிரேசில் நாட்டு அறிஞர் கார்லோஸ் சாகாஸ் இவ்வகை உயிரைக் கண்டார். எனினும், தாம் ஆராய்ந்துவந்த வேறோர் ஒட்டுண்ணியின் ஒரு பருவமே அது என அவர் எண்ணினார். அது தனி உயிர் என்பதை 1912-இல் பாரிசில் டெலனோய் தம்பதியர் விளக்கினர். அதன் பின்னரும் நெடுங்காலம் அது ஓரணு விலங்காகவே கருதப்பட்டது. 1988-இல் வெளிவந்த மரபுப்பொருள் ஆய்வுகளே அது பூஞ்சை இனம் எனக் காட்டின.

ஆயினும் இது விந்தையான பூஞ்சை. பிற பூஞ்சைகளின் செல் சவ்வில் காணப்படும் எர்கோஸ்டீரால் இதில் இல்லை. எனவே, அப்பொருளைக் குறிவைக்கும் ஆம்போடெரிசின் போன்ற மருந்துகள் இங்குப் பயன்படுவதில்லை. பாக்டீரியாக்களுக்கு எதிராக வழங்கப்படும் கோட்ரைமாக்சசோல் மருந்தே இந்நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் முதன்மையாக உதவுகிறது.

எங்கிருந்து வருகிறது?

நம்மில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே இப்பூஞ்சையை எதிர்கொள்கிறோம், பெருந்தீங்கு நேர்வதில்லை. அன்று புகுந்த கிருமி நுரையீரலில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழுகிறது என்றே முன்னர் நம்பினர். அப்படியானால் அருகிலிருப்பவருக்கு அச்சமில்லை.

ஆனால், நெதர்லாந்தின் லைடன் நகர மருத்துவமனை ஒன்றில் 2005–06-இல் சிறுநீரகம் பெற்ற 22 பேருக்கு இந்நோய் கண்டது. ஆராயப்பட்டவர்களுள் பெரும்பாலோரிடம் ஒரே மரபு வகைப் பூஞ்சையே இருந்தது. உறங்கிய கிருமிகள் தனித்தனியே விழித்திருந்தால் இவ்வொற்றுமை எவ்வாறு வரும்? 2010-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் நோயாளியிடமிருந்து 8 மீட்டர் தொலைவிலும் காற்றில் இப்பூஞ்சையின் மரபுப்பொருளைக் கண்டனர். எலியின் நியூமோசிஸ்டிஸ் மனிதரைத் தாக்குவதில்லை. மனிதருக்குரிய இனம் மனிதரிடமே வாழ்கிறது. ஆகவே, நோய் நோயாளியிடமிருந்து நோயாளிக்குக் காற்றின் வழியே பரவக்கூடும் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

காத்திருக்கும் கூடத்தில்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் வாழ்வதாகக் கொள்வோம். மாதாந்திரப் பரிசோதனைக்காக அவர் தஞ்சைக்கோ திருச்சிக்கோ சென்று, புறநோயாளர் கூடத்தில் தம்மைப் போன்றவர்களிடையே சில மணி நேரம் அமர்ந்திருப்பார். எதிர்ப்பாற்றல் குன்றிய பலர் ஒருங்கே கூடும் இடம் அது. அங்கே ஒருவர் இருமினால் அது மற்றவர்க்கும் உரிய செய்தியாகிறது.

இதற்கான காப்புமுறைகள் எளியவை. வறட்டு இருமல், காய்ச்சல், சிறிது நடந்தாலே மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். இருமுவோர் முகக்கவசம் அணிந்து தனியே அமரவேண்டும். கூடத்தில் நல்ல காற்றோட்டம் வேண்டும். நோய் கண்டவரை எதிர்ப்பாற்றல் குன்றிய பிறருடன் ஒரே அறையில் படுக்கவைத்தல் கூடாது. அறுவைக்குப் பின் முதற் சில மாதங்களுக்கு வழங்கப்படும் தடுப்பு மாத்திரையை, உடல் நலமாயிருக்கிறதே என்று எண்ணித் தாமே நிறுத்திவிடலாகாது. மருத்துவமனையில் ஓரிருவருக்கு நோய் கண்டதுமே, அங்கு வந்துபோகும் மற்றவர்களுக்கும் தடுப்பு மருந்து தேவையா என மருத்துவர்கள் ஆராய்வர்.

உறவினர் ஒருவர் ஈந்த சிறுநீரகத்தைக் காப்பதில் ஒரு மாத்திரைக்கும் ஒரு முகக்கவசத்துக்கும் பெரும்பங்கு உண்டு.