தலை இல்லாத 6

பிரெட்போர்டுல ஒரு கவுண்டர் கட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு 7490, ஒரு 7447, ஒரு காமன் ஆனோட் 7-செக்மென்ட் டிஸ்ப்ளே. ஒவ்வொரு பல்ஸுக்கும் 0, 1, 2ன்னு ஏறணும். ஆனா 0க்கு அப்புறம் 2 வருது, அதுக்கு அப்புறம் 1 வருது. நிறைய பேர் இங்கேதான் ஐசி போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு ஆர்டர் பண்றாங்க. அது வந்தும் அதே தப்பு வந்தா, பிராஜெக்ட் டப்பாக்குள்ள போயிடும். அதோட அந்த ஹாபியும் முடிஞ்சது. கொஞ்சம் பொறுங்க. கோளாறு எங்கேன்னு அந்தத் தப்பான எண்ணே சொல்லும்.

சர்க்யூட்டை ரெண்டு பாதியா பாருங்க. 7490 ஒவ்வொரு எண்ணையும் 4 ஒயர்ல அனுப்புது. ஒயர்களோட மதிப்பு 1, 2, 4, 8. 5ன்னா 4ம் 1ம் ஆன். 7447 அதைப் படிச்சு, 7 கோடுகள்ல எது எது எரியணும்னு சொல்லுது. இதுதான் ரெண்டாவது பாதி.

ரெண்டாவது பாதியைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. 7447ல பின் 3ஐ கிரவுண்டுக்குக் கொடுங்க. 7 கோடும் எரிஞ்சு 8 தெரியணும். ஒரு கோடு எரியலைன்னா அதோட ஒயர், ரெசிஸ்டர், எல்ஈடியைப் பாருங்க. எல்லாம் எரியுது, ஆனா எண்கள் கோணல்மாணலா வருதுன்னா, டிஸ்ப்ளேக்குப் போற ஒயர்கள் இடம் மாறியிருக்கு.

எண்கள் பெரும்பாலும் ஒழுங்கான உருவத்துல வருது, வரிசைதான் தப்புன்னா, முதல் பாதிக்குப் போங்க. 0, 2, 1, 3, 4, 6, 5, 7, 8, அப்புறம் புரியாத ஒரு குறின்னு வந்தா, 1, 2 மதிப்புள்ள ஒயர்கள் இடம் மாறியிருக்கு. இது நடக்குறது ரொம்ப சுலபம். ஏன்னா 7447ல 1, 2, 4, 8க்கான பின்கள் 7, 1, 2, 6ன்னு தாறுமாறா இருக்கும். 1, 1, 3, 3, 5, 5ன்னு வந்தா, 1க்கான ஒயர் கழண்டிருக்கு. இந்த வகை ஐசி, இணைக்காத இன்புட்டை 1ன்னே எடுத்துக்கும். பல்ஸுக்குப் பட்டனை அழுத்தும்போது எண்கள் தாவினா, ஒரே அழுத்துல பட்டன் பல தடவை தொட்டு விடுது. அதுக்கு டிபவுன்ஸ் சர்க்யூட் வேணும்.

சில சமயம் தப்பே இருக்காது. 6க்கு மேல் கோடு இல்லாம ஆங்கில 'பி' மாதிரி, 9க்கு அடிக் கோடு இல்லாம வருதா? 2லயும் 3லயும் அந்தக் கோடுகள் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா உங்க ஒயரிங் சரி. 7447ஐ வடிவமைச்சதே அப்படித்தான். 6க்குத் தலையும் 9க்கு வாலும் வேணும்னா 74247 வாங்குங்க.

இந்த 7400 குடும்பத்தைப் பிரபலமாக்கினது நம்ம பக்கத்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்தான். காப்பெல்ல இருந்து 635ஐப் பிடிச்சு கிழக்கே போனா, 75ஐத் தொடுற இடத்துக்குப் பக்கத்துல அவங்க கேம்பஸ். இந்தக் கம்பெனியிலதான் 1958 செப்டம்பர் 12 அன்னிக்கு ஜாக் கில்பி முதல் ஐசியை இயக்கிக் காட்டினார். 2000ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

அதனால எதையும் பிடுங்கிப் போடுறதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர்ல 0 முதல் 9 வரை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல டிஸ்ப்ளேல என்ன வருதுன்னு எழுதுங்க. பத்து வரிதான். எந்த ஒயரைத் தொடணும்னு அதுலயே தெரிஞ்சிடும். ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன் பக் வரும்போதும், ரீஸ்டார்ட் பட்டன் பக்கம் கை போறதுக்கு முன்னாடி இதையே செய்யுங்க.