இரும்பும் இருதயமும்

வெளிறிய குழந்தையைக் கண்டால் முருங்கைக்கீரை சமைப்போம். இரும்புச் சத்து மருந்தும் வாங்கிக் கொடுப்போம். அவ்வெளிறல் தலசீமியாவினால் வந்ததாயின், வைத்தியரைக் கேளாது கொடுக்கும் அம்மருந்தே தீங்காகும்.

மலேரியா நெடுங்காலம் வாட்டிய நிலங்களிலேயே இந்நோய் வேரூன்றிற்று. பழுதுற்ற மரபணுவைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா எளிதிற் கொல்லாது. ஆகவே அம்மரபணு நிலைத்தது. மன்னார்க் கரையும் மலேரியா கண்ட கரைதான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. காய்ச்சல் போயிற்று, மரபணு போகவில்லை.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற குழந்தைக்குக் கடுமையான நோய் கண்டால், சில வாரங்களுக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடலோ நாளுக்கு 1 மில்லிகிராம் அளவே இழக்கும். எஞ்சியது ஈரலிலும் இருதயத் தசையிலும் படிகிறது. தசை தளர்கிறது, துடிப்புத் தடுமாறுகிறது.

படிந்த இரும்பைப் பற்றி வெளியேற்றுவது டெஸ்பெரியொக்சமின். தோலின் கீழ் ஊசி செருகி, சிறு பம்பினால் 8 முதல் 12 மணி நேரம் செலுத்துவர். வாரத்தில் ஐந்து இரவுகளேனும் வேண்டும். விளையாடிக் களைத்த பிள்ளை ஓரிரவு மறுத்தால் நாம் அதனைக் கடிந்துகொள்ள மாட்டோம். ஆனால் தவறிய இரவுகளை இருதயம் கணக்கில் வைக்கிறது. டெபெரிப்ரோன் மாத்திரை இருதய இரும்பை நன்கு அகற்றும். எனினும் அது வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும். அதனை உண்பவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டும்.

இருதய இரும்பைக் காந்த அதிர்வுப் படத்தால் அளக்கும் முறை 2001இல் வெளியாயிற்று. காலத்தே கண்டு மருந்து செலுத்தின், தளர்ந்த தசையும் மீண்டும் வலுப்பெறுவதுண்டு. இலங்கையின் தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது.